பெரட்டுக்குப் போன தாய்மார்கள்



நம் தோட்டங்களின் வரலாற்றைச் சொல்லும்போது காடு அழித்ததைச் சொல்கிறோம். ரப்பர் நட்டதைச் சொல்கிறோம். சங்கம் அமைத்ததைச் சொல்கிறோம். ஆனால், வயிற்றில் கருவோடு வேலைக்குப் போய், அந்தக் கருவை இழந்து, மீண்டும் பெரட்டில் வந்து நின்ற தாய்மார்களைப் பற்றிப் பேசுவதில்லை. கூச்சம் ஒரு காரணம். ‘அவள் ராசி அப்படி’ என்று பழியை அவள் தலையிலேயே போட்டுவிடும் பழக்கம் மற்றொரு காரணம். இன்று அவர்களைப் பற்றிப் பேசுவோம்.

மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலத்தில் மலேரியாவும் கொக்கிப்புழுவும் நம் மக்களை வாட்டின. மலேரியாக் காய்ச்சல் கர்ப்பிணியைத் தாக்கினால் கரு கலைந்துபோகலாம்; குழந்தை இறந்து பிறக்கலாம். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும். 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியவைத்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். பின்னர் தோட்டங்களிலும் அவ்வேலை நடந்தது. அதனால் பிழைத்த உயிர்களில், பிறவாத பிள்ளைகளும் உண்டு.

நோய் ஒருபுறம், வேலை மறுபுறம். விடியுமுன் பெரட்டு. பிறகு மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து பால் வெட்டு. நிறைந்த வாளிகளைக் காண்டாவில் மாட்டி மேடு பள்ளத்தில் சுமக்க வேண்டும். வராத நாளுக்குக் கூலி இல்லை. கருவை இழந்தவள் படுத்திருந்தால், அடுப்பும் சேர்ந்து படுத்துவிடும்!

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1919-இல் அனைத்துலகத் தொழில் நிறுவனம் தாய்மைக்காலப் பாதுகாப்புக்கு உடன்படிக்கை வகுத்தது. அது ஆலைகளுக்கும் வணிகத்துக்குமே உரியது. விவசாயத் தொழிலாளிக்கு அல்ல. மலாயாவில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் பிரசவப் படிக்கு இடம் கிடைத்தது. பின்னர் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வந்தது. அதில் ‘பிரசவம்’ என்ற சொல்லுக்கு ஒரு வரையறை உண்டு. குழந்தை உயிரோடு பிறந்தாலும் இறந்து பிறந்தாலும் அது பிரசவமே. ஆனால் 28 வாரம் நிறைந்திருக்க வேண்டும் என்றது. பிற்பாடு அது 22 வாரமாகக் குறைக்கப்பட்டது. ஒரு தாயின் துக்கத்தை வாரக் கணக்கில் அளக்க முடியாது; ஆனால் அவளுடைய விடுப்பு அந்தக் கணக்கில்தான் அமைந்தது.

மருத்துவமும் அப்படியே. 1957-க்குப் பின் கம்பங்களில் அரசாங்கச் சுகாதார நிலையங்களும் தாதியர் மருந்தகங்களும் எழுந்தன. தோட்டமோ தனியார் நிலம். அங்கே நெடுங்காலம் நிர்வாகம் வைத்த டிரஸரும் தோட்டத்து மருத்துவச்சியுமே கதி.

செம்பனைக் காலத்தில் மருந்தடிக்கும் வேலை பெருவாரியாகப் பெண்கள் தோளில் விழுந்தது. அவர்களின் உடல்நலக் கேட்டைத் தெனாகானித்தா அமைப்பு ஆய்ந்து 2002-இல் அறிக்கை வெளியிட்டது. பாராகுவாட் மருந்துக்கு 2020 சனவரி முதல் நாட்டில் தடை. ஆயினும் எந்தப் பூச்சிமருந்தும் களைமருந்தும் கர்ப்பிணி கையில் இருக்கலாகாது. கருவுற்றது தெரிந்ததும் வேறு வேலை கேளுங்கள்.

இன்றைய நிலை என்ன? தீபகற்ப மலேசியாவில் 60 நாளாக இருந்த பிரசவ விடுப்பு, 2023 சனவரி 1 முதல் 98 நாள். 22 வாரத்துக்குப் பின் குழந்தை இறந்து பிறந்தாலும் இந்த விடுப்பு உண்டு. உயிரோடு ஐந்து பிள்ளைகள் உள்ளவருக்கு விடுப்பு உண்டு. பிரசவப் படி இல்லை. 22 வாரத்துக்கு முன் கரு கலைந்தால் மருத்துவ விடுப்பு: வேலைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதற்கு 60 நாள் வரை தனியே உண்டு. டாக்டர் சான்றிதழ் வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லையேல் சொல்லாமல் நின்றதாகக் கணக்காகிவிடும். கர்ப்பத்தால் நோயுற்ற பெண்ணை அதற்காக வேலையிலிருந்து நீக்குவது குற்றம்.

உடலையும் கவனியுங்கள். கரு கலைந்தபின் இரத்தம் மிகுதியாகப் போனாலோ, காய்ச்சல், கடுமையான வயிற்றுவலி, துர்நாற்றம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ‘தானாகச் சரியாகும்’ என்று லயத்திலேயே கிடக்கக் கூடாது. சோகைக்கு இரத்தம் சோதித்து இரும்புச்சத்து மாத்திரை பெறுங்கள்.

வீட்டாருக்கும் ஒரு சொல். தெரிந்த கர்ப்பங்களில் பத்தில் ஒன்றிரண்டு இப்படிக் கலைகின்றன. தொடக்க மாதங்களில் கலைபவற்றில் பெரும்பாலானவை கருவின் அமைப்பிலேயே நேர்ந்த குறையால் கலைகின்றன. தாயின் குற்றத்தால் அல்ல. கணவர் தண்ணீர் தூக்கலாம். மாமியார் பழிச்சொல்லை விழுங்கலாம். அக்கம்பக்கத்தார் ஒருவேளை சோறு கொண்டுவரலாம். அவள் அழுதால் அழ விடுங்கள்.

நம் பாட்டிமார் அழக்கூட நேரமின்றிப் பெரட்டுக்குப் போனார்கள். அவர்களுக்குக் கிடைக்காத ஓய்வு இன்று சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.