பிள்ளைக்கேற்ற இடம்: இங்கிலாந்தின் விசேட கல்வி வரலாறு தரும் படிப்பினை

புதிய வகுப்பொன்றைப் பொறுப்பேற்கும் ஆசிரியர் முதன்முதற் செய்யும் காரியங்களுள் ஒன்று, பிள்ளைகளை இடமறிந்து இருத்துதலாம். குள்ளமானவர் முன்னே, நெடியவர் பின்னே என்பது பொது வழக்கு. இது சிறு காரியம் போலத் தோன்றினும், கல்வி வரலாற்றின் பெரியதொரு வினா இதனுள் அடங்கிக் கிடக்கின்றது. விழிப்புலன் குன்றிய பிள்ளை, செவிப்புலன் குன்றிய பிள்ளை, அறிவு வளர்ச்சியிற் பின்தங்கிய பிள்ளை, உடல் ஊனமுற்ற பிள்ளை ஆகியோரை எங்கே இருத்திக் கற்பித்தல் வேண்டும்? ஏனையோருடன் ஒரே வகுப்பிலா, அதே பாடசாலையின் தனி வகுப்பிலா, தனிப் பாடசாலையிலா, விடுதியிலா, வீட்டிலா? இவ்வினாவுக்கு இங்கிலாந்து தேசம் காலந்தோறும் அளித்து வந்த விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நமது பாடசாலை அமைப்பும் விசேட கல்வியின் தொடக்கமும் அந்நாட்டோடு தொடர்புடையனவாதலின், அவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று.

பிரித்தானியாவில் இத்துறையின் தொடக்கம் தனியார் முயற்சியாலும் தருமத்தாலும் அமைந்தது. 1760 ஆம் ஆண்டில் தோமஸ் பிறெயிட்வுட் என்பார் எடின்பரோ நகரிற் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அது பொருள் படைத்தோர் கட்டணஞ் செலுத்திப் பிள்ளைகளை அனுப்பிய பாடசாலையாகும். 1791 இல் லிவர்பூலில் விழிப்புலனற்றோர் பாடசாலையும், 1792 இல் இலண்டன் மாநகரின் பெர்மண்ட்சேயிற் செவிப்புலனற்ற வறிய பிள்ளைகளுக்கான நிலையமும் தோன்றின. இவை பெரும்பாலும் கைத்தொழில் பழக்கி, பிச்சையெடுத்தலினின்றும் பிள்ளைகளைக் காக்கும் நோக்குடையனவாயிருந்தன. அந்நாளில் வறியோரின் பிள்ளைகள் பலர் எப்பாடசாலைக்கும் சென்றிலர். ஆதலின், ஊனமுற்ற பிள்ளையை எப்பாடசாலையிற் சேர்ப்பது என்னும் வினா அரசாங்கத்தின் செவிக்கு எட்டவில்லை.

அவ்வினாவை எழுப்பியது கட்டாயக் கல்வியே. 1870 ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டம் நாடெங்கும் பாடசாலைகளை நிறுவ வழிவகுத்தது. 1880 ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து வயது முதற் பத்து வயது வரையுள்ள பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்வதைக் கட்டாயமாக்கியது. அதுவரை வீட்டு மூலையிலும் தெருவோரத்திலும் கிடந்த பிள்ளைகள் அப்பொழுதுதான் ஆசிரியர் கண்முன் வந்து நின்றனர். அக்காலத்து முறையோ அவர்களுக்கு உகந்ததாக இருக்கவில்லை. 1862 ஆம் ஆண்டு தொடக்கம், பரீட்சையிற் பிள்ளைகள் பெறும் பேற்றினை அளவாகக் கொண்டே பாடசாலைகளுக்கு அரசாங்க நன்கொடை வழங்கப்பட்டு வந்தது. வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் தேறாத பிள்ளை பாடசாலையின் வருவாயைக் குறைக்கும் பிள்ளையாயிற்று. அத்தகைய பிள்ளையின்பால் ஆசிரியருக்குப் பொறுமை எங்ஙனம் நிலைக்கும்? பிரித்து வைத்தல் என்னும் எண்ணம் வலுப்பெற்றமைக்கு அன்பின்மை மட்டும் காரணமன்று. இத்தகைய கணக்கும் ஒரு காரணமென்றல் பொருந்தும்.

எகேட்டன் பிரபுவின் தலைமையில் அமைந்த அரச ஆணைக்குழு 1889 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அறிவு மந்தமான பிள்ளைகளைச் சாதாரண மாணவரினின்றும் பிரித்து, விசேட போதனை அளித்தல் வேண்டுமென அது விதந்துரைத்தது. 1892 இல் லெஸ்ரர் நகரிலும் இலண்டனிலும் அவ்வகைப் போதனை தொடங்கியது. 1893 ஆம் ஆண்டுச் சட்டம் விழிப்புலனற்ற, செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குக் கல்வியளித்தலை உள்ளூர் அதிகாரிகளின் கடமையாக்கியது. 1899 ஆம் ஆண்டுச் சட்டமோ, அறிவுக் குறைபாடும் உடற் குறைபாடும் வலிப்பு நோயும் உடைய பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்ய அதிகாரத்தை மட்டும் வழங்கியது. ‘செய்தல் வேண்டும்’ என்பதற்கும் ‘செய்யலாம்’ என்பதற்கும் இடையிலுள்ள தூரம் எத்துணைப் பெரிதென்பதைப் பிள்ளைகளின் பெற்றோரே அறிவர்.

யார் எவ்விடத்துக்கு உரியர் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு வைத்தியரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் உளவியல் அறிஞரும் உடன் சேர்ந்தனர். 1905 இற் பாரிசு நகரில் அல்பிரட் பினே, சிமோன் என்பாருடன் இணைந்து அறிவுச் சோதனையொன்றை ஆக்கினார். விசேட போதனை தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிதலே அதன் நோக்கமாகும். அறிவானது என்றும் மாறாத அளவினது என்னும் கருத்தை அவரே மறுத்துரைத்தார். ஆயின் கருவியை ஆக்கியோன் கருத்து, கருவியைக் கையாள்வோனிடம் எப்பொழுதும் சென்றடைவதில்லை. 1913 இல் இலண்டன் மாவட்ட சபை சிறில் பேட் என்பாரைத் தன் உளவியலாளராக நியமித்தது. அதன்பின் சோதனைப் புள்ளி பிள்ளையின் இருப்பிடத்தை வகுக்கும் கோலாக மேன்மேலும் பயன்படலாயிற்று.

பிரித்து வைத்தமை முழுவதும் தீங்கென்று கூறுதல் நேர்மையாகாது. 1907 இல் இலண்டனின் தென்கிழக்கே பொஸ்டல் வனத்தில் நலிந்த உடலினரான பிள்ளைகளுக்குத் திறந்தவெளிப் பாடசாலையொன்று நடாத்தப்பட்டது. நெருக்கமான சேரிகளில் வாழ்ந்த பிள்ளைகள் அங்கே நல்ல காற்றும் உணவும் ஓய்வும் பெற்றனர். விழிப்புலனற்றோர் பாடசாலைகளிலே தொட்டு வாசிக்கும் எழுத்து வளர்ந்தது. எனவே, தனியிடம் என்பது ஒரு பிள்ளைக்குச் சிறையாகவும் பிறிதொரு பிள்ளைக்குப் புகலிடமாகவும் அமைதல் கூடும். இவ்வுண்மையைப் பின்வந்த காலத்தார் சிலவேளைகளில் மறந்தனர்.

இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவையொட்டி வந்த 1944 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், விசேட கல்வியைப் பொதுக் கல்வியின் ஓர் அங்கமாக ஏற்றுக்கொண்டது. 1945 ஆம் ஆண்டு விதிகள் பிள்ளைகளைப் பதினொரு வகையினராக வகுத்தன. விழிப்புலனற்றோர், பார்வை குன்றியோர், செவிப்புலனற்றோர், செவிப்புலன் குன்றியோர், நலிந்த உடலினர், நீரிழிவு நோயினர், கல்வியிற் பின்தங்கியோர், வலிப்பு நோயினர், இணங்கியொழுக இயலாதோர், உடல் ஊனமுற்றோர், பேச்சுக் குறைபாடுடையோர் என்பன அவ்வகைகள். குறைபாடு கடுமையல்லாதாரைச் சாதாரண பாடசாலையிலே கற்பிக்கவும் சட்டம் இடமளித்தது. ஆயினும், யுத்தத்தாற் சிதைந்த கட்டடங்களும் மாணவர் நிறைந்த வகுப்புகளும் அதற்கு இடந்தரவில்லை. ஒரு பிள்ளைக்கு இரு குறைகள் இருப்பின் எவ்வகையிற் சேர்ப்பது என்னும் இடரும் எழுந்தது.

இப்பதினொரு வகைக்கும் புறம்பாக, வேறொரு கூட்டம் இருந்தது. கல்வி பெறும் ஆற்றலற்றவர் என முடிவுசெய்யப்பட்ட பிள்ளைகள் கல்விப் பகுதியினின்றும் நீக்கப்பட்டுச் சுகாதாரப் பகுதியிடம் ஒப்புவிக்கப்பட்டனர். ஒரு தாயின் கையில் அவ்வறிவித்தல் சேரும் நாளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அத்தகைய பெற்றோரே பின்னாளில் வரலாற்றை மாற்றினர். 1946 இல் யூடி பிறைட் என்னும் தாயார் சஞ்சிகையொன்றுக்கு எழுதிய கடிதத்தைக் கண்டு, தம்மைப் போன்ற துன்பமுடைய பெற்றோர் பலர் அவருக்கு மறுமொழி விடுத்தனர். அதிலிருந்து பெற்றோர் சங்கமொன்று பிறந்தது. அச்சங்கமும் கல்வியாளரும் இடையறாது முயன்றதன் பயனாக 1970 ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியது. 1971 ஏப்பிரில் முதலாந் திகதி தொடக்கம், கல்விக்கு அப்பாற்பட்ட பிள்ளை என ஒருவரும் இங்கிலாந்தில் இலர் என்பது சட்டமாயிற்று. ஏறத்தாழ 32,000 பிள்ளைகள் பயிற்சி நிலையங்களிலும் வைத்தியசாலைகளிலும் இருந்தபடி, அன்று முதல் மாணவர் என்னும் பெயரைப் பெற்றனர். கட்டாயக் கல்விச் சட்டம் பிறந்து தொண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே இது நிகழ்ந்தது என்பதை மறத்தலாகாது.

அடுத்த திருப்பம் 1978 இல் நேர்ந்தது. தத்துவ ஆசிரியையான மேரி வார்நொக் அம்மையார் தலைமையில் அமைந்த குழு அவ்வாண்டில் வெளியிட்ட அறிக்கை, வினாவையே மாற்றியமைத்தது. ‘இப்பிள்ளை எவ்வகையைச் சார்ந்தது?’ என வினவுவதை விடுத்து, ‘கற்பதற்கு இப்பிள்ளைக்கு என்ன தேவை?’ என வினவுமாறு அது கூறியது. ஐந்து பிள்ளைகளுள் ஒருவருக்குப் பள்ளிப் பருவத்தில் ஏதோவொரு காலத்தில் விசேட உதவி தேவைப்படலாம் எனவும் அது மதிப்பிட்டது. விசேட கல்வி என்பது எங்கோ ஒதுக்குப்புறத்தில் உள்ள ஒரு கட்டடமன்று, ஒவ்வோர் ஆசிரியரின் வகுப்பிலும் உள்ள காரியம் என்பது இதனாற் பெறப்பட்டது.

ஒன்றிணைத்தலை அக்குழு மூன்று படிகளாக வகுத்துக் காட்டியது. ஒரே வளவினுள் இருத்தல் முதலாவது. உண்ணும்போதும் விளையாடும்போதும் கலந்து பழகுதல் இரண்டாவது. பாடங்களை ஒருங்கே கற்றல் மூன்றாவது. முதற்படியை எய்திவிட்டு மூன்றாம்படியை எய்தியதாக எண்ணிக்கொள்ளுதலே எந்நாட்டினரும் செய்யும் பிழையாகும். ஆசிரியரின் சொல்லைக் கேட்கவியலாத பிள்ளையைச் சைகை மொழியோ வேறு துணையோ இன்றி நாற்பது பேர் நடுவே இருத்துவது, அப்பிள்ளையைச் சேர்த்தலுமாகாது, பிரித்தலுமாகாது; மறத்தலேயாகும்.

1981 ஆம் ஆண்டுச் சட்டம் பழைய வகைகளை நீக்கி, பிள்ளையின் தேவைகளையும் அவற்றுக்கான ஏற்பாடுகளையும் எழுத்தில் வரையும் முறையைக் கொணர்ந்தது. பெற்றோர் கருத்துக்கும் அது இடமளித்தது. எனினும், பிள்ளைக்குரிய உதவி அங்கே கிடைத்தல், ஏனைய மாணவரின் கல்வி கெடாதிருத்தல், வளங்கள் வீணாகாதிருத்தல் என்னும் நிபந்தனைகளுக்கு உட்பட்டே சாதாரண பாடசாலையிற் சேர்க்க வேண்டுமென்றது. 1994 இல் ஸ்பெயின் தேசத்துச் சலமன்கா நகரிற் கூடிய உலக மாநாடு, அனைவரையும் உள்ளடக்கும் பாடசாலையே பொதுவிதியாதல் வேண்டுமெனப் பிரகடனஞ் செய்தது. 2001 இல் ஆங்கிலச் சட்டமும் அத்திசையில் மேலும் நகர்ந்தது. அந்நிலையிற்றான் வியத்தகு நிகழ்ச்சியொன்று நேர்ந்தது. 2005 இல் வார்நொக் அம்மையார் தாமெழுதிய சிறுநூலொன்றில் தம் பழைய கொள்கையைத் தாமே மறுபரிசீலனை செய்தார். பெரிய பாடசாலைகளிற் சில பிள்ளைகள் தனிமையுற்றும் பிறரால் துன்புறுத்தப்பட்டும் வாடுகின்றனர்; ஒரே கூரையின்கீழ் இருத்தல் ஒன்றிணைப்பாகாது; கல்வி முயற்சியிற் பங்குடையேம் என்னும் உணர்வைப் பிள்ளை எங்கே பெறுகின்றதோ அதுவே அதற்குரிய இடம் என்பது அவர்தம் கருத்தாகும். தாம் நாட்டிய மரத்தைத் தாமே கவாத்துச் செய்த அப்பெருந்தகைமை போற்றற்குரியது.

இனி, நம் நாட்டை நோக்குவாம். இங்கிலாந்திலிருந்து வந்த மேரி சப்மன் அம்மையார் 1912 இல் நிறுவிய செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோர் பாடசாலை இரத்மலானையில் வளர்ந்தது. வடபுலத்திற் கைதடி நவீல்ட் பாடசாலை 1956 இல் உதயமாயிற்று. இன்று சாதாரண பாடசாலைகள் பலவற்றில் விசேட கல்வி அலகுகள் இயங்குகின்றன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016 இல் இலங்கை ஏற்றுறுதி செய்தது. இங்கிலாந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ட இடங்கள் யாவும் நம்மிடையே ஒரே காலத்தில் உள்ளன. அவற்றுள் எதனை எப்பிள்ளைக்குத் தெரிவது என்பதே நம்முன் உள்ள வினா.

இவ்விடத்தில் என் பிழையொன்றைக் கூறுதல் கடனாகும். ஆசிரியப் பணியிற் புகுந்த தொடக்கத்தில், உயரமான மாணவனொருவனை வழக்கப்படி கடைசி வாங்கில் இருத்தினேன். சொல்வதெழுதலில் அவன் எழுதியவை பெரும்பாலும் பிழை. கரும்பலகையைப் பார்த்து எழுதியவையோ முற்றும் சரி. இவ்வேறுபாட்டை யான் கண்டும் சிந்தித்திலேன். மந்தன் எனவும் கவனமற்றவன் எனவும் ஓராண்டு முழுவதும் கருதியிருந்தேன். வருட முடிவில் தேர்ச்சி அறிக்கையைப் பெற வந்த தாயார், “மாஸ்ரர், இவனுக்கு ஒரு காது கேளாது, உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சன்” என்றார். மறுவருடம் முன்வாங்கில் இருந்த அவன் பிறரைப்போற் கற்றான். அவனுக்கு வேண்டியிருந்தது வேறு பாடசாலையன்று. பத்தடி தூரம் முன்னே ஓரிடம். அதனை அளிக்கச் சட்டமோ குழுவோ தேவைப்படவில்லை. உற்றுநோக்கும் கண்ணும், தாயிடம் ஒரு வினாவுமே தேவைப்பட்டன.

இங்கிலாந்தின் வரலாறு புகட்டுவதும் இதுவே. இடத்தை முதலில் வகுத்துப் பிள்ளையை அதனுட் புகுத்திய காலமெல்லாம் தவறு நேர்ந்தது. பிள்ளையை முதலில் அறிந்து இடத்தைத் தேடியபொழுது நன்மை விளைந்தது. சிலருக்கு முன்வாங்கு போதும். சிலருக்குத் தனி அலகு வேண்டும். சிலருக்குத் தம்மையொத்தாரும் தம் மொழியும் நிறைந்த தனிப் பாடசாலையே உயிர்தரும். ஒருமுறை அளித்த இடம் என்றும் நிலைத்ததாகவும் கருதலாகாது. பிள்ளை வளருந்தோறும் மீண்டும் ஆராய்தல் வேண்டும். பரீட்சைப் பேறுகளாற் பாடசாலைகளை மதிக்கும் வழக்கம் நம்மிடையே வலுத்துவரும் இந்நாளில், 1862 ஆம் ஆண்டின் கணக்கு வேறுருவில் நம் வகுப்பறைகளுட் புகாதவாறு காத்தல் ஆசிரியர் கடனாகும். வருகின்ற தவணையில் நம் வகுப்பின் கடைசி வாங்கை ஒருமுறை உற்று நோக்குவோமாக.