மின்கிட்டாரில் கரகரப்பு

மின்கிட்டாரின் உட்சுற்றிலோ கேபிளிலோ எங்கோ தொடர்பு விட்டுவிட்டுப் பற்றுவதால் எழும் இரைச்சல். இடைவிடாத உறுமல் வேறு வகை. முதலில் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். குற்றவாளி பலமுறை அதுதான். வால்யூம், டோன் குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால், குமிழின் அடியிலுள்ள பொட்டன்ஷியோமீட்டரின் கார்பன் தடத்தில் அழுக்கு படிந்திருக்கலாம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரில் இந்தப் பொட்டன்ஷியோமீட்டர் வழக்கமாக 250 கிலோஓம், லெஸ் பால் வகையில் பெரும்பாலும் 500. உள்ளே கான்டாக்ட் கிளீனர் அடித்து, குமிழை இருபுறமும் பலமுறை திருகுவார்கள். தடமே தேய்ந்திருந்தால் புதிது போட வேண்டியதுதான். பிளக்கை அசைத்தால் கரகரக்கிறதா? அது செருகும் ஜாக்கின் தகடு தளர்ந்திருக்கும், அல்லது ஈயப்பற்று விட்டிருக்கும். ஜாக்கைப் பிடித்துக்கொள்ளாமல் நட்டை மட்டும் முறுக்கினால் உள்ளே ஜாக் சுழன்று கம்பி அறும். பழுதுபார்ப்பவரே உண்டாக்கும் பழுது இது. வறண்ட காலத்தில் பிளாஸ்டிக் பிக்கார்டைத் தொட்டதும் கேட்கும் சடசடப்பு நிலைமின்னால் வருவது. அதற்காகச் சுற்றைப் பிரிக்கத் தேவையில்லை.