ஓலை சுமக்கும் ஊசி

துடியலூரிலே நின்று பாருங்கள், தோழர்களே! தெற்கே செல்லும் சாலை கோவை மாநகருக்கு. வடக்கே செல்வதோ மேட்டுப்பாளையம் கடந்து, மலையேறிக் குன்னூருக்கு. சாலை ஒன்றுதான். அதன் இரு முனைகளிலும் வரலாற்றின் இருவேறு ஏடுகள் விரிந்து கிடக்கின்றன.

தெற்கு முனையிலே காண்பது என்ன? பிளேக் மாரியம்மன்! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளைநோய் கோவையைச் சூறையாடியபோது, ஊரை விட்டு ஓடினோர் பலர். அம்மனிடம் ஓலமிட்டோர் பலர். நோயின் பெயரையே தெய்வத்துக்குச் சூட்டிய கோயில்கள் அந்நகரில் இன்றும் உள்ளன. அம்மக்களை எள்ளி நகையாடோம். கையறு நிலையிலே கை கூப்பினர். ஆனால், 1897-லேயே பம்பாயில் ஹாப்கின் என்னும் அறிஞர் பிளேக் தடுப்பு மருந்தை ஆக்கி, தம் உடலிலேயே முதலில் செலுத்திக்கொண்டாரே! எழுத்து மறுக்கப்பட்ட ஏழைக்கு அச்செய்தியை எடுத்துரைத்தவர் எத்தனை பேர்?

வடக்கு முனையிலே, 1907-ல் திறக்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் ஆய்வகம். வெறிநாய்க்கடிக்கு ஆங்கே மருந்து செய்தனர். ஆட்டின் மூளையிலே கிருமியை வளர்த்து, அதன் வீரியத்தை அழித்துச் செய்த மருந்து. தொப்புளைச் சுற்றி நாள்தோறும் ஊசி! எண்ணற்ற உயிர்களைக் காத்தது, உண்மை. ஆயினும், மூளைப் பொருளும் உடன் சென்றதால், சிலரது உடற்படை தன் நரம்பையே பகையெனத் தாக்கியது; கைகால் செயலற்றோர் உண்டு. அம்முறை பின்னர் கைவிடப்பட்டது.

பகைவனின் அடையாளத்தை மட்டும் உடலுக்குக் காட்ட இயலாதா? அதற்கு ஒரு விடைதான் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி! கொரோனாவுக்கென வந்த அவ்வூசியிலே கிருமி இல்லை. கிருமியின் மேனியிலுள்ள முள் போன்ற புரதத்தைச் செய்யும் முறை பொறித்த ஓலை மட்டுமே உண்டு. கொழுப்புத் துளியே அதன் உறை. உறை உயிரணுவுக்குள் புகுந்ததும், ரைபோசோம் எனும் பட்டறை ஓலையைப் படித்துப் புரதத்தை ஆக்குகிறது. அயலானைக் கண்ட உடற்படை எழுகிறது, எதிர்ப்பொருளைச் செய்கிறது, பகைவன் முகத்தை நினைவில் நிறுத்துகிறது. ஓலையோ சில நாட்களில் சிதைந்தொழிகிறது. மரபுச் செய்தி உறையும் உட்கருவுக்குள் அது நுழைவதே இல்லை!

தொடக்கத்தில் அவ்வோலையையே உடல் பகையெனச் சீறியது. ஓலையின் ஓர் எழுத்தைச் சற்றே மாற்றி அந்த இடரை நீக்கும் வழியை, கரிக்கோவும் வைஸ்மனும் 2005-ல் வெளியிட்டனர். 2020 டிசம்பரில் ஊசி மக்களைச் சேர்ந்தது. 2023-ல் இருவருக்கும் நோபல் பரிசு. கரிக்கோ யார்? ஹங்கேரி நாட்டு இறைச்சிக் கடைக்காரர் மகள்! பிறப்பா அறிவைத் தந்தது? இந்தியாவிலும் புனே நிறுவனமொன்று ஆக்கிய இவ்வகை ஊசிக்கு 2022-ல் அவசர ஒப்புதல் கிடைத்தது.

குறையே இல்லையா? உண்டு. காலப்போக்கில் காப்பு குறைகிறது. அரிதாக, இளைஞர் சிலருக்கு இதயத் தசையிலே அழற்சி நேர்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஊசிக்கு அஞ்சுவோரை அதட்டுவது அறிவுப் பணி ஆகாது. தாய்மொழியிலே விளக்குவதே அறிவுப் பணி. உடலுக்கே ஓலை அனுப்பி உணர்த்துகிறது விஞ்ஞானம். உழைக்கும் மக்களுக்கு உண்மையை எழுதி அனுப்ப நமக்கு என்ன தயக்கம்?