பணியிலிருந்து உருவத்திற்கு: தென் தமிழக நாயினத் தெரிவின் அளவுகோல்கள் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

நாய் வளர்க்க விரும்புவோர் இனப்பெயரைக் கொண்டே அதன் இயல்பையும் பராமரிப்புத் தேவையையும் அறிய முற்படுகின்றனர். இனப்பெயர் பணியைச் சுட்டியவரை இம்முறை பெரிதும் பயன்பட்டது. அது உருவத்தை மட்டும் சுட்டத் தொடங்கியபின் அதன் நம்பகத்தன்மை குறைந்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நாயினங்களை முன்வைத்து இம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நாட்டு நாயினங்கள், தெரிவு, பணி, உருவம், இயல்பு, பராமரிப்பு.

முன்னுரை

பழந்தமிழில் ஞமலி, ஞாளி, சுணங்கன் எனப் பல சொற்கள் நாயைக் குறித்தன. நிகண்டுகள் இவற்றை ஒருபொருட் பன்மொழியாகவே தொகுத்துள்ளன. தனித்தனி இனங்களின் பெயர்களாக அல்ல. குறிஞ்சிப்பாட்டில் தலைவனுடன் வரும் வேட்டை நாய்கள் சினம், பல், நகம் ஆகியவற்றால் விவரிக்கப்படுகின்றன. அவற்றைக் கண்டு தலைவியும் தோழியும் அஞ்சி நடுங்குகின்றனர். நாயின் இயல்பும் வேட்டைத் திறனும் அங்குப் பேசப்படுகின்றன. மரபுவழித் தூய்மை பேசப்படவில்லை. இந்நோக்கு தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று.

பணிவழிப் பகுப்பும் உருவவழிப் பகுப்பும்

இங்கிலாந்தின் மருத்துவ அறிஞர் ஜான் கேயஸ் 1570இல் இலத்தீனில் வெளியிட்ட நூல் அந்நாட்டு நாய்களை வேட்டை, காவல், மேய்ச்சல் முதலிய பணிகளின் அடிப்படையிலேயே பெரிதும் வகைப்படுத்தியது. 1859இல் நியூகாசில் நகரில் நடைபெற்ற நாய்க் கண்காட்சி புதிய போக்கு ஒன்றின் தொடக்கமாக அமைந்தது. 'ஸ்டோன்ஹெஞ்ச்' என்னும் புனைபெயரில் எழுதிய ஜான் ஹென்றி வால்ஷ், தலை, தோள், கால், வால் என உறுப்புதோறும் மதிப்பெண் வழங்கும் முறையைப் பரப்பினார். 1873இல் இலண்டனில் கென்னல் கிளப் நிறுவப்பட்டது. களத்தில் நாய் என்ன செய்கிறது என்பதைவிட, மேடையில் எவ்வாறு நிற்கிறது என்பது முதன்மை பெற்றது. இந்த அளவுகோலே பின்னர் இந்தியக் கண்காட்சிகளுக்கும் வந்து சேர்ந்தது.

தென் தமிழக நாய்களின் பணியும் இயல்பும்

தென் தமிழகத்தின் சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை கண்ணால் இரையைக் கண்டு துரத்துபவை. முயல் வேட்டைக்குப் பயன்பட்டவை. மெலிந்த உடல், ஆழ்ந்த மார்பு, நீண்ட கால்கள், குறுகிய மயிர் ஆகியன இப்பணியோடு பொருந்தியவை. இவற்றின் பராமரிப்புத் தேவையும் பணியிலிருந்தே பிறக்கிறது. மயிரைப் பேணுதல் எளிது, வெயிலைத் தாங்கும். ஆயினும் நாள்தோறும் விரைந்தோட வெளி வேண்டும். ஓடும் சிற்றுயிரைக் கண்டால் துரத்தும் உந்துதலை உரிமையாளர் எதிர்பார்த்திருக்க வேண்டும். ராஜபாளையமும் கோம்பையும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் வீடு, தோட்டக் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை. அயலாரை ஐயுறுதல் அப்பணியில் குறையன்று, தகுதி. அதே இயல்பு, விருந்தினர் அடிக்கடி வரும் அடுக்குமாடிக் குடியிருப்பில் சுமையாகிறது. நாயின் இயல்பு மாறவில்லை. அதற்குரிய சூழல் மாறிவிட்டது.

1972க்குப் பின்

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. விலங்குப் பாதுகாப்பு நோக்கில் இது இன்றியமையாதது. ஆனால், நாயினத் தெரிவில் இதன் விளைவு போதிய கவனம் பெறவில்லை. வேட்டைக் களம் நாயின் விரைவு, துணிவு, கட்டளைக்குப் பணிதல் ஆகியவற்றைச் சோதித்து வந்தது. அத்தேர்வு நீங்கியபின், எந்த நாயை இனப்பெருக்கத்திற்கு விடுவது என்னும் முடிவில் நிறமும் தோற்றமும் மேலோங்க வழி ஏற்பட்டது.

ராஜபாளையம் இதற்குத் தெளிவான சான்று. முழு வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் இவ்வினத்தின் அடையாளமாகப் போற்றப்படுகின்றன. நிறமிச் செல்கள் உட்செவியின் இயக்கத்திற்கும் தேவையானவை. அவை அங்கு இல்லாதபோது பிறவிச் செவிட்டுத்தன்மை தோன்றுகிறது. டால்மேஷன் முதலிய வெண்ணிற இனங்களில் காணப்படும் இக்குறை ராஜபாளையத்திலும் உண்டு. செவி கேளாத நாய் பின்புறத்திலிருந்து தொடப்படும்போது திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும். அது 'கொடிய குணம்' எனப் பிழையாகப் பொருள்கொள்ளப்படலாம். உருவத்திற்காகச் செய்த தெரிவு இவ்வாறு இயல்பையும் தாக்குகிறது.

2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாயின அஞ்சல்தலைகளுள் ராஜபாளையமும் ஒன்று. இத்தகைய ஏற்பு அழியும் நிலையிலிருந்த இனங்களுக்கு மதிப்பளித்தது. எனினும் அஞ்சல்தலையில் இடம்பெறுவது உருவமே. இயல்பு அதில் பதிவாவதில்லை.

இனப்பெயரின் எல்லை

இனப்பெயர் எந்த அளவுக்கு இயல்பை முன்னறிவிக்கும் என்பதை அறிவியல் ஆய்வுகளும் வினவியுள்ளன. ஸ்காட், புல்லர் ஆகியோர் ஐந்து இனங்களை நெடுங்காலம் ஆராய்ந்து 1965இல் நூல் வெளியிட்டனர். இனங்களுக்கிடையே வேறுபாடு உண்டு என்பதோடு, குட்டிப் பருவத்தின் தொடக்க வாரங்களில் கிடைக்கும் மனிதப் பழக்கம் முடிவானது என்பதையும் அவர்கள் காட்டினர். 18,000க்கும் மேற்பட்ட நாய்களைக் கருத்திற்கொண்டு 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டையே இனம் விளக்குகிறது எனக் கண்டது.

இதன் சமூக முக்கியத்துவம் 2024இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் 23 நாயினங்களைத் தடைசெய்யுமாறு ஒன்றிய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதனை நீக்கியது. கடிபட்டோரின் துயரம் மெய்யானது, தீர்வு தேவையானது. ஆனால், இனப்பெயரையே ஆபத்தின் அளவாகக் கொள்ளும் சட்டமும், இனப்பெயரையே நற்குணத்தின் உறுதியாகக் கொள்ளும் வாங்குவோரும் ஒரே எடுகோளின்மீது நிற்கின்றனர்.

முடிவுரை

பணி, தெரிவின் அளவுகோலாக இருந்தபோது பெயர், இயல்பு, பராமரிப்பு ஆகிய மூன்றும் பிணைந்திருந்தன. உருவம் அவ்விடத்தைப் பெற்றபின் அப்பிணைப்பு தளர்ந்தது. எனவே இன்று நாயைத் தெரிவு செய்வதில் மூன்று வினாக்கள் முதன்மை பெறுகின்றன. அதன் முன்னோர் எப்பணிக்கு வளர்க்கப்பட்டனர்? அதன் தாயும் தந்தையும் எத்தகைய இயல்புடையவை? வளர்ப்போரின் இடமும் நேரமும் தட்பவெப்பமும் அதற்குப் பொருந்துமா? இரண்டாம் வினாவிற்கு இனப்பெயரில் விடையில்லை. வளர்த்தவரின் நினைவிலேயே உள்ளது. நாட்டு நாயினங்களின் நிறத்தையும் அளவையும் பதிவுசெய்வதோடு, அவற்றை வேலைக்குப் பழக்கியவர்களின் வாய்மொழி அறிவையும் தொகுப்பது தமிழக வரலாற்றாய்வின் உடனடிப் பணியாகும்.