ஷெட்டும் கராஜும்: இடிக்க ஆகும் செலவு

லண்டனில் ஹாரோ, வெம்ப்ளி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் என்று நம்மவர்கள் நிறைந்து வாழும் பகுதிகளில், வீட்டின் பின்பக்கம் போனால் இரண்டு பழைய கட்டடங்கள் கண்ணில் படும். தோட்டத்து மூலையில் மரப்பலகை ஷெட். வேலியோரம் வீட்டோடு ஒட்டாமல் தனியே நிற்கும் கராஜ். அந்தக் கராஜுக்குள் கார் போய்ப் பல வருஷமாகியிருக்கும். 1960களின் காருக்கு அளந்து வைத்த வாசல் இன்றைய காருக்குப் போதாது. பழைய சைக்கிள், பெயின்ட் டப்பா, ஊரிலிருந்து வந்த பெட்டிகள் என்று இரண்டுமே சாமான் அடைக்கும் இடமாகிவிட்டன. வீட்டைப் பின்னால் நீட்டவோ, பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் ஒரு படிப்பறை போடவோ நினைக்கும்போதுதான் இவற்றை இடிக்கும் பேச்சு வருகிறது. ஷெட்டுக்குச் சில நூறு பவுண்ட் கேட்பவர், கராஜுக்கு ஆயிரத்துக்கு மேல் கேட்பார். தரையையும் கூரையையும் சேர்த்தால் அது இரண்டாயிரத்தையும் தாண்டலாம்.

ஒன்று சிறிது, ஒன்று பெரிது என்பது இதற்குப் பாதிக் காரணம்தான். இடிக்கும் கூலியைவிட, இடித்ததை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. ஊரில் பழைய வீட்டை இடிக்க வருபவர் தேக்கு நிலைக்கும் இரும்புக் கம்பிக்கும் விலை போட்டு நமக்கே பணம் தருவதுண்டு. இங்கே ஒவ்வொரு கிலோவுக்கும் நாம்தான் கொடுக்க வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் கணக்கு தெளிவாகும்.

முதலில் ஷெட். எட்டடிக்கு ஆறடி என்பது இங்கே சாதாரண அளவு. மொத்த எடை இருநூறு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். கூரைமேல் தார் பூசிய விரிப்பு, அதன்கீழ் மெல்லிய பலகை, நான்கு பக்கமும் ஆணியோ திருகோ போட்டுச் சேர்த்த சுவர்த் துண்டுகள். விரிப்பை உரித்து, கூரையைக் கழற்றி, மூலைத் திருகுகளை எடுத்தால் சுவர்கள் நான்கும் தனித்தனியே சாய்ந்துவிடும். திடமான இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை. பலகை உளுத்துப்போகாமல் இருந்தால், கழற்றி எடுத்துக்கொண்டு போவதற்கே ஆள் கிடைக்கும். சமூகத் தோட்டத்தில் காய்கறி போடுபவர்களுக்கு அது கிடைத்தற்கரிய பொருள்.

உளுத்துப்போயிருந்தாலும் பெரிய பாரமில்லை. இங்கிலாந்தில் 2024 தொடக்கத்திலிருந்து, சொந்த வீட்டில் தாங்களே செய்யும் சிறு வேலைகளில் வரும் கழிவுக்குக் கவுன்சில் மறுசுழற்சி மையங்கள் கட்டணம் வாங்கக்கூடாது. இதற்கு அளவும் வைத்திருக்கிறார்கள்: நான்கு வாரத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 50 லிட்டர் மூட்டை இரண்டு, அல்லது சுமார் 2 மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் ஒரு பொருள். ஷெட்டின் பலகைகளை அறுத்து, அவசரப்படாமல் கொண்டுபோனால் செலவு பெட்ரோலோடு முடிந்துவிடும். கவனிக்க வேண்டியது பழைய மரத்தில் பூசிய மருந்தை. ஒரு காலத்தில் வேலிக்கும் ஷெட்டுக்கும் கிரியோசோட் என்ற கரிய எண்ணெயைத்தான் பூசினார்கள். 2003இல் பொதுமக்களுக்கு அதை விற்பது நிறுத்தப்பட்டது. அந்த வாடை வீசும் பலகையை அடுப்பிலோ தோட்டத்திலோ போட்டு எரிக்கக்கூடாது.

ஷெட்டைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். கராஜின் கதை வேறு.

போருக்குப் பிந்தைய பிரிட்டனில் ஆயிரக்கணக்கில் எழுந்தது, தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை நிறுத்தி போல்ட் போட்டு முடுக்கிய கராஜ். ஐந்து மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் கதவு, மற்ற மூன்று பக்கமும் பலகை. இரண்டு மீட்டர் உயரமும் ஐந்து சென்டிமீட்டர் கனமும் இருந்தால் சுவர் மட்டும் சுமார் 1.25 கன மீட்டர். கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.4 டன் நிற்கும். ஆக, சுவரில் 3 டன். கீழே பத்து சென்டிமீட்டர் கனத்தில் தளம் போட்டிருந்தால் அதிலும் 3 டன். ஷெட்டின் இருநூறு கிலோவுக்கு எதிரே இங்கே ஆறாயிரம் கிலோ. இதைக் கவுன்சிலின் இலவச மூட்டைக் கணக்கில் தீர்க்க நினைத்தால் பல மாதம் ஓடும்.

கனம் அதிகமானாலும் கான்கிரீட்டுக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. அது உடைந்து சல்லியாகி, வேறொரு கட்டடத்தின் அடியில் போய்ச் சேரும். நிலத்தில் புதைத்தாலும் வரி குறைவு. 1996இல் டன்னுக்கு 7 பவுண்டாகத் தொடங்கிய குப்பைக்குழி வரி, 2025 ஏப்ரலில் 126.15 பவுண்டுக்கு ஏறியது. மண்ணோடு கிடந்து கெடாத கல், கான்கிரீட் போன்றவற்றுக்கோ அந்த ஆண்டில் வெறும் 4.05 பவுண்ட். வீட்டுக்காரர் இந்த வரியை நேரே கட்டுவதில்லை. ஸ்கிப் எனும் பெரிய கழிவுத் தொட்டியின் வாடகைக்குள் அது ஒளிந்து வருகிறது. கான்கிரீட்டோடு மெத்தை, பிளாஸ்டிக், கம்பளம் என்று கலந்து போட்டால் மொத்தச் சுமையும் கூடிய வரியில் விழும் நிலை வரும். கராஜை இடிக்கும் முன் உள்ளே கிடப்பதைத் தனியே வெளியேற்றச் சொல்வது இதனால்தான். ஸ்கிப்பைத் தெருவில் வைத்தால் கவுன்சில் அனுமதிக் கட்டணம் வேறு.

இனிக் கூரை. இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல வந்தது இதைத்தான்.

அந்தக் கராஜ்களின் மேல் கிடக்கும் சாம்பல் நிற அலைத்தகடு பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட். பாசி படர்ந்து, விளிம்பு சில்லு சில்லாய்ப் பெயர்ந்து, கொக்கி போல்ட்டைச் சுற்றி வெடிப்பு ஓடியிருக்கும். அதன் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் ஆஸ்பெஸ்டாஸ் நார். பிரிட்டனில் நீல, பழுப்பு வகைகளுக்கு 1985இலும், கூரைத் தகட்டில் இருக்கும் வெள்ளை வகைக்கு 1999 நவம்பரிலும் தடை வந்தது. அதற்கு முன் கட்டிய எந்தக் கராஜையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். அபூர்வமாகச் சில பழைய ஷெட்களுக்கும் இதே தகடு போட்டிருக்கிறார்கள். அங்கே ஷெட்டின் கணக்கும் கராஜின் கணக்காகிவிடும்.

ஒற்றைக் கராஜின் கூரை இருநூறு, இருநூற்றைம்பது கிலோதான் வரும். ஒரு ஷெட்டின் எடை. அந்தக் கால் டன்னை முறைப்படி இறக்க ஆகும் செலவு, 3 டன் சுவரைக் கழற்றும் செலவுக்குச் சமமாகவும் வருவதுண்டு. காரணம், வேலை செய்யும் விதம். தகட்டை நனைக்க வேண்டும். உடைக்காமல், போல்ட்டை அறுத்து முழுசாக இறக்க வேண்டும். மேலே ஏறி மிதிக்கக்கூடாது; பழைய தகடு சொல்லாமல் உடையும். தடித்த பாலித்தீனில் இரட்டையாகச் சுற்றி எச்சரிக்கை ஒட்ட வேண்டும். எஃப்எஃப்பி3 தர முகக்கவசமும், வேலை முடிந்ததும் கழற்றி எறியும் மேலங்கியும் கட்டாயம். பிறகு அது அபாயக் கழிவு. அதை ஏற்க உரிமம் பெற்ற குழிக்கு மட்டுமே போகும். சிமென்ட் தகட்டை எடுக்கப் பெரும்பாலும் தனி உரிமம் பெற்ற நிறுவனம் சட்டப்படி தேவையில்லை. ஆனால் 2012ஆம் ஆண்டு ஆஸ்பெஸ்டாஸ் கட்டுப்பாட்டு விதிகள் பயிற்சி இல்லாத ஆளை இந்த வேலையில் இறக்க அனுமதிப்பதில்லை.

நம்மவர்களிடம் இதைச் சொன்னால், "நாங்கள் பிறந்து வளர்ந்ததே இந்தச் சீட்டுக்குக் கீழேதானே" என்பார்கள். உண்மைதான். இந்தியாவில் இந்தத் தகடு இன்றும் கடையில் கிடைக்கிறது. இலங்கை 2018இலிருந்து தடை செய்வதாக அறிவித்தது. 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் வண்டு இருந்ததாகக் காரணம் காட்டி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியதும் அந்தத் தடை தள்ளிப்போடப்பட்டது. கொழும்புக்குத் தகட்டின் நாரை விற்கும் பெரிய நாடும் ரஷ்யாதான். கூரையில் சும்மா கிடக்கும் தகடு ஆளைக் கொல்வதில்லை. உடைத்தால், துளைத்தால், அறுத்தால்தான் நார் காற்றில் கலக்கிறது. அது நுரையீரலின் உறையில் புற்றாக மாற முப்பது, நாற்பது வருஷம் எடுக்கும். மீசோதீலியோமா என்ற அந்த நோயில் பிரிட்டனில் இன்றும் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். அவர்களில் பலர் தச்சர், குழாய் வேலைக்காரர், கட்டடத் தொழிலாளி. சனிக்கிழமை சம்மட்டியோடு வந்து கூரையை உடைத்துத் தருகிறேன் என்று சொல்லும் இளைஞன் நாளைக்கு இந்தக் கணக்கில் வரக்கூடாது. கூலியில் மிச்சம் பிடிக்கலாம், அவன் மூச்சில் பிடிக்கக்கூடாது.

சட்டத்தின் பக்கம் இரண்டுக்கும் உள்ள இடைவெளி நாம் நினைப்பதைவிடக் குறைவு. 1984ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி, இடிக்கும் முன் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். வெளி அளவில் 1,750 கன அடிக்கு, அதாவது ஏறத்தாழ 50 கன மீட்டருக்கு, மேற்படாத கட்டடத்துக்கு விலக்கு உண்டு. ஷெட் பத்து கன மீட்டர்கூட வராது. ஒற்றைக் கராஜ் முப்பதைச் சுற்றி நிற்கும். இரட்டைக் கராஜ்தான் எல்லையைத் தாண்டும். செங்கல் கராஜில் வேறு சிக்கல் உண்டு. இரண்டு வீட்டுக்கும் பொதுவான பாதையின் முடிவில், ஒரே நடுச்சுவரைப் பகிர்ந்து ஜோடியாகக் கட்டியவை இங்கே ஏராளம். நம் பாதியை இடித்தால் அயலவர் சுவர் மழைக்குத் திறந்துவிடும். அதற்கு 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர் சட்டத்தின்படி இரண்டு மாதம் முன்பே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அயலவர் சம்மதிக்காவிட்டால் சர்வேயர் கட்டணமும் நம் தலையில்தான் ஏறும். அந்தக் கட்டணம் சில சமயம் இடிக்கும் செலவையே மிஞ்சும்.

பணம் மிச்சமாகும் ஓர் இடம் உண்டென்றால் அது தளம். கராஜின் 3 டன் தரையைப் பெயர்ப்பதற்கு யந்திரம், ஆள், ஸ்கிப் எல்லாம் தேவை. அதே இடத்தில் தோட்டத்து அறையோ புது ஷெட்டோதான் வரப்போகிறது என்றால், தளத்தை விட்டுவைத்து அதன்மேலேயே நிறுத்த முடியுமா என்று முதலில் கேளுங்கள். எல்லையிலிருந்து இரண்டு மீட்டருக்குள் வரும் அறை 2.5 மீட்டர் உயரத்தை மீறாவிட்டால் பெரும்பாலும் தனித் திட்ட அனுமதியும் தேவைப்படாது. வீட்டையே நீட்டிக் கட்டுவதென்றால் ஆழமான அத்திவாரம் வேண்டும். அப்போது பழைய தளம் போகத்தான் வேண்டும்.

எவ்வளவு என்று கேட்பதற்கு முன், கூரை என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வகச் சோதனைக்குச் சில பத்துப் பவுண்டே ஆகும். எழுத்தில் தரும் விலையில் கூரை, சுவர், தளம் மூன்றும் தனித்தனியே இருக்கட்டும். கழிவைக் கொண்டுபோகிறவரின் உரிம எண்ணை வாங்கி, சுற்றுச்சூழல் முகமையின் பொதுப் பதிவேட்டில் சரிபாருங்கள். உரிமமில்லாத வேன்காரர் உங்கள் கூரைத் தகட்டைக் கொண்டுபோய் எங்கோ சாலையோரம் கொட்டினால், அவரைப் பிடிக்க முடியாவிட்டாலும் உங்களுக்கு 600 பவுண்ட் வரை அபராதம் போடும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் தகடு இல்லாத ஷெட்டை நீங்களே கழற்றலாம். 1999க்கு முந்தைய கராஜைப் பயிற்சி பெற்றவரிடமே கொடுங்கள்.