கொழும்பு ஒல்லாந்தர் நூதனசாலை: ஒரு வீட்டின் பயன்பாட்டு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கொழும்புப் புறக்கோட்டைப் பிரின்ஸ் வீதியில் அமைந்துள்ள ஒல்லாந்தர் நூதனசாலை, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆளுநரின் இல்லமாகக் கட்டப்பட்டது. ஆளுநர் இல்லம் என்னும் அடையாளமே இன்று அதன் முதன்மை அடையாளமாக உள்ளது. ஆயினும் அது ஆளுநரின் இல்லமாக இருந்த காலம் மிகக் குறுகியது. கட்டடத்தின் நீண்ட வரலாறு அதன் பிற்காலப் பயன்பாடுகளில் உள்ளது என்பதையும், அவற்றுள் குருமடக் காலம் தமிழ்ப் புலமை வரலாற்றோடு தொடர்புடையது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஒல்லாந்தர், கொழும்பு, குருமடம், பிலிப்பு தெ மெல்லோ, மரபுரிமைப் பாதுகாப்பு

முன்னுரை

போர்த்துக்கேயரிடமிருந்து 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1796இல் ஆங்கிலேயரிடம் அதனை ஒப்படைக்கும் வரை இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆண்டது. அக்காலத்தில் கோட்டைக்குக் கிழக்கே நகர்ப்புற வாழிடமாக வளர்ந்த பகுதியே இன்றைய புறக்கோட்டை. காலப்போக்கில் அங்கிருந்த குடியிருப்புகள் கடைகளுக்கும் பண்டசாலைகளுக்கும் இடங்கொடுத்து மறைந்தன. நெரிசல் மிக்க அவ்வணிகப் பகுதியில் ஒல்லாந்தர் கால நகர வீட்டமைப்பை இன்றும் காட்டி நிற்பது இக்கட்டடமே. அது ஏன் எஞ்சியது, எஞ்சியதை நாம் எவ்வாறு வாசிக்கிறோம் என்பன தனித்து ஆராயத்தக்க வினாக்கள்.

வீட்டின் தோற்றமும் அமைப்பும்

1690களில் ஆளுநராக இருந்த தோமஸ் வான் றீயின் இல்லமாக இம்மாடிவீடு எழுந்தது. வீதியை நோக்கிய முகப்பில் உயர்ந்த பருமனான தூண்களும் அகன்ற விறாந்தையும் உள்ளன. தடித்த சுவர்களும் பெரிய கதவு சாளரங்களும் வெப்பத்தைத் தணித்துக் காற்றோட்டத்தைப் பெருக்குகின்றன. பின்புறம் திறந்த முற்றமும் அதில் ஒரு கிணறும் அமைந்துள்ளன. ஐரோப்பிய நகர வீட்டின் சாயலைக் கொண்டிருப்பினும், வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப வடிவம் மாறிய வீடு இது. விறாந்தையும் முற்றமும் இம்மாற்றத்தின் தெளிவான சான்றுகள்.

இத்தகைய வீடுகளின் அன்றாட இயக்கம் அடிமைகளின் உழைப்பைச் சார்ந்திருந்தது. கம்பெனியின் அடிமைகள் தங்கவைக்கப்பட்ட பகுதி ஆங்கிலத்தில் அடிமைத் தீவு எனப் பொருள்படும் பெயரைப் பெற்றது. தமிழிலோ அது கொம்பனித்தெரு என வழங்குகிறது. தமிழ்ப் பெயர் ஆட்சியாளரை நினைவுகூர, அந்த ஆங்கிலப் பெயர் அடிமைகளை நினைவுகூர்ந்தது. நூதனசாலையில் உள்ள தளபாடங்களையும் பீங்கான் கலங்களையும் காண்போர், அவற்றைத் துடைத்தும் சுமந்தும் வாழ்ந்த இம்மக்களையும் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.

குருமடக் காலம்

வான் றீயின் ஆட்சி 1697இல் முடிவுற்றது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, அதாவது 1696இல், கொழும்பில் குருமடம் தோன்றிவிட்டது. இக்கட்டடம் 1696 முதல் 1796 வரை ஆசிரியர்களையும் சமயப் பணியாளர்களையும் பயிற்றுவிக்கும் இடமாக விளங்கியது என நூதனசாலையின் வரலாறு கூறுகிறது. சில ஆண்டுகளே நீடித்த ஆளுநர் வாசத்தோடு ஒப்பிடும்போது இந்நூறாண்டுக் கல்விப்பணியின் எடை புலப்படும்.

சிங்கள, தமிழ் மாணவர்கள் கொழும்புக் குருமடத்தில் கல்வி பயின்றனர். சீர்திருத்தத் திருச்சபையைச் சுதேச மொழிகளில் பரப்புவதே அதன் நோக்கம். எனினும் விளைவு அந்நோக்கத்துக்குள் மட்டும் அடங்கவில்லை. அங்குப் பயின்ற பிலிப்பு தெ மெல்லோ (1723–1790) ஐரோப்பியச் செம்மொழிகளிலும் தமிழிலும் தேர்ச்சி பெற்று, 1750இல் குருப்பட்டம் பெற்றார். 1759இல் கொழும்பில் அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் ஆக்கத்தில் அவருக்கு முதன்மையான பங்குண்டு. சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட ‘தமிழ் புளூட்டாக்’ நூலில் அவரும் இடம்பெறுகிறார். ஆறுமுக நாவலரின் அச்சுப்பணிக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே இலங்கையில் தமிழ் உரைநடையும் மொழிபெயர்ப்பும் அச்சும் ஒன்றிணைந்த சூழலை விளங்கிக்கொள்ளக் குருமட வரலாறு இன்றியமையாதது.

பிற்காலப் பயன்பாடுகளும் மீட்பும்

1796க்குப் பின்னர் ஆங்கிலேயர் இக்கட்டடத்தை மருத்துவமனை உள்ளிட்ட படைத்துறைத் தேவைகளுக்குப் பயன்படுத்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது காவலர் பயிற்சி நிலையமாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் புறக்கோட்டைத் தபாற்கந்தோர் அங்கு இயங்கியது. 1970களின் தொடக்கம் வரை அப்பணி தொடர்ந்தது. இவ்வாறு அரசின் கையில் இடையறாது பயன்பட்டு வந்ததாலேயே, அண்டை வீடுகளைப் போல வணிகத்துக்காக இடிக்கப்படாமல் இது தப்பியது எனக் கருத இடமுண்டு.

தபாற்கந்தோர் நீங்கிய பின் கட்டடம் இடிக்கப்படும் அபாயம் எழுந்தபோது, அதனைக் காக்க வேண்டும் என்ற பொதுக் கோரிக்கை வலுப்பெற்றது. நெதர்லாந்து அரசின் ஒத்துழைப்போடு 1977 முதல் 1981 வரை புனரமைப்பு நடைபெற்றது. 1982இல் நூதனசாலை திறக்கப்பட்டது. இம்மீட்பு பாராட்டத்தக்கது. அதேவேளை, ஒல்லாந்தர் காலத் தோற்றத்தை மீட்பதே இலக்காக அமைந்தபோது, கட்டடத்தைக் காப்பாற்றிய பிற்காலப் பயன்பாடுகள் பின்னணிக்குச் சென்றன. மருத்துவமனைக்கும் காவலர் பயிற்சிக்கும் தபாலுக்கும் உரிய வரலாறு ‘ஒல்லாந்தர்’ என்ற பெயருக்குள் அடங்குவதன்று.

முடிவுரை

காலனிய வீடொன்றை அதனைக் கட்டுவித்தவரின் பெயரால் மட்டும் விளக்குவது, அதன் வரலாற்றில் ஓர் அடுக்கை முழுமையாகக் கொள்வதாகும். பிரின்ஸ் வீதி வீட்டைப் பொறுத்தவரை, ஆளுநரைவிடக் குருமட மாணவர்களும், நோயாளிகளும், காவலர்களும், தபால் ஊழியர்களுமே அதில் நெடுங்காலம் புழங்கினர். நூதனசாலையின் விளக்கக் குறிப்புகள் இப்பயன்பாடுகளுக்கு உரிய இடமளித்தல் வேண்டும். தமிழாய்வாளரைப் பொறுத்தவரை குருமட ஆவணங்களும் கொழும்பில் அச்சான தொடக்ககால நூல்களும் இவ்வீட்டோடு இணைத்து ஆராயப்படுமாயின், பதினெட்டாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ்ப் புலமை மரபின் இடப்பின்னணி மேலும் தெளிவுபெறும்.