கப்பலில் ஏறிய தாய்மார்

கடல்வழிப் பிரிவில் தலைவன் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பிய அகத்திணையியல். மணிமேகலையின் ஆதிரையும் கரையில் இருப்பவள்தான். சாதுவன் ஏறிய கப்பல் உடைந்த செய்தி அவளை வந்தடைகிறது. கடல் ஆணுக்கு, காத்திருப்பு பெண்ணுக்கு என்று நம் இலக்கிய வகுப்புகள் பழக்கிவிட்டன. ஆனால் புதுச்சேரிக் கடலின் கடந்த 170 ஆண்டுக் கதை வேறு. இங்கே பெண்கள் கப்பலேறினார்கள், இடுப்பில் பிள்ளையோடு.

1853 மே 6 அன்று ‘ஒரேலி’ என்ற கப்பல் கரீபியக் கடலின் மார்த்தினிக் தீவை அடைந்தது. பிரெஞ்சிந்தியாவிலிருந்து 300க்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகளை அங்கே இறக்கிய முதல் கப்பல் அது. அதே கப்பல் 1854 டிசம்பரில் குவாதலூப்புக்கும் கூலிகளைக் கொண்டுபோனது. ரெயூனியனுக்கு இதற்கு முன்பே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அடிமை முறை 1848இல் ஒழிக்கப்பட்டபின் கரும்புத் தோட்டங்களுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. புதுச்சேரியும் காரைக்காலும் அந்தக் கைகளை ஏற்றிவிடும் துறைகளாயின.

1860, 1861 ஆண்டுகளில் பிரிட்டனும் பிரான்சும் செய்த உடன்படிக்கைகள் இந்தக் கப்பல்களுக்கு விதி வகுத்தன. ஒவ்வொரு கப்பலிலும் ஆண்களின் எண்ணிக்கையில் குறைந்தது கால் பங்கு பெண்கள் இருக்க வேண்டும். பின்னர் அது மூன்றில் ஒரு பங்காக உயர வேண்டும். கணவனையும் மனைவியையும், பெற்றோரையும் சிறு பிள்ளைகளையும் பிரிக்கக் கூடாது. இடத்தைக் கணக்கிடும்போது ஒன்று முதல் பத்து வயது வரையுள்ள இரண்டு குழந்தைகள் ஒரு பெரியவருக்குச் சமம். அப்படியானால் ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தைக்கு என்ன இடம்? தாயின் மடிதான். சட்டம் பெண்ணை ஒரு விகிதமாகப் பார்த்தது. மாதக்கணக்கான அந்தப் பயணத்தில் பாலூட்டியதும், கழுவியதும், காய்ச்சலில் விழித்திருந்ததும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கொடுமைகள் பற்றிய புகார்கள் பெருகி, 1882இல் ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதைப் பிரிட்டிஷ் இந்திய அரசு நிறுத்தியது.

அடுத்த கப்பல் சைகோனுக்குப் போனது. 1881 செப்டம்பர் ஆணை, சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பவர்களுக்கு வழி திறந்தது. அதை ஏற்றவர்களில் தலித்துகளும் கிறித்தவர்களும் கணிசமானவர்கள். சாதி அடைத்த கதவுக்கு மாற்றாக அவர்களில் பலர் இந்தோசீனாவில் எழுத்தராகவும், காவலராகவும், சிப்பாயாகவும் வேலை தேடினர். 1879இல் விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை வில்லியனூர் வழியே வந்துவிட்டிருந்தது. துறைமுகம் கிராமத்துக்குக் கிட்டத்தில் வந்தது. கப்பல் மட்டும் கரைக்கு வரவில்லை. ஆழமற்ற கடலில் அது தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, படகில் போய்த்தான் ஏற வேண்டும்.

நம் மண்ணில் ‘குடும்ப விடுமுறைக் கப்பல்’ என்று சொல்லத்தக்க முதல் பயணங்கள் இவைதான். சில ஆண்டுப் பணிக்குப் பிறகு விடுப்பு. பயணச் செலவை அரசே ஏற்கும் சலுகைக்காக இந்தியர்கள் வாதாடினார்கள். மெசாஜெரி மாரித்தீம் நிறுவனக் கப்பல்களில் சிங்கப்பூர், கொழும்பு வழியாகப் பிள்ளைகளோடு ஊர் வந்து திரும்பினார்கள். எந்த வகுப்பில் பயணம் என்பதைக் கணவனின் பதவி முடிவு செய்தது. விடுப்பும் அவன் பெயரில்தான். மனைவிக்கு விடுப்பு எழுதித்தர எந்த அலுவலகமும் இல்லை. அடுப்பைச் சைகோனில் விட்டுவந்தாளே தவிர, பிள்ளைகளைக் கழுவித் துடைத்து, சோறூட்டித் தூங்க வைக்கும் வேலை அவளோடு கப்பலேறியது.

இன்று நம் கடலுக்குச் சுற்றுலாக் கப்பல் வந்திருக்கிறது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து தொடங்கிய கோர்டிலியா சொகுசுக் கப்பலுக்கு, சூதாட்டம் குறித்த எதிர்ப்பால் புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை. 2025 ஜூலையில் அது வந்தது. அப்போதும் கப்பல் தூரத்தில் நின்றது, பயணிகள் படகில் கரையேறினார்கள். சூதாட்டம் பண்பாட்டைக் கெடுக்குமா என்று காரசாரமாக விவாதித்தோம். குழந்தையோடு கப்பலேறும் பெண்ணுக்கு அது ஓய்வா, இடம் மாறிய வேலையா என்ற கேள்வி அந்தக் கூச்சலில் எழவே இல்லை.

சுற்றுலாக் கப்பல்கள் பலவற்றில் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு அனுமதி இல்லை. குழந்தைகளுக்கான விளையாட்டுக் கூடங்கள் பெரும்பாலும் மூன்று வயதிலிருந்துதான் பிள்ளைகளைத் தனியே ஏற்கின்றன. இடைப்பட்ட வயதுக்குக் கூடம் யார்? மறுபடியும் தாயின் மடிதான். வாந்தி மருந்து, மாற்றுத்துணி, பால்புட்டி, மதியத் தூக்கம் எல்லாம் அவள் நினைவில் இருக்க வேண்டும். சமைக்க வேண்டாம் என்பது மட்டுமே லாபம். அது சிறிய லாபமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நாள் தவறாமல் அடுப்பெரிப்பவளுக்குப் பிறர் சமைத்த நான்கு வேளைச் சோறு பெரிய விஷயம்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் நடவுப் பெண்களுக்கு அந்தக் கப்பலின் கட்டணம் எட்டாது. அவர்களின் கப்பல் சுண்ணாம்பாற்றுப் படகு. காணும் பொங்கலன்று விடியுமுன் எழுந்து புளிசோறு கிளறி, பாத்திரம் சுமந்து, பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை மாட்டி, தானும் ஏறி உட்காரும்போதுதான் அவளுடைய விடுமுறை தொடங்குகிறது. படகு திரும்பியதும் அது முடிந்துவிடுகிறது. சொகுசுக் கப்பலிலும் ஆற்றுப் படகிலும் ஏறும் பெண்களின் வர்க்கம் வேறு, சாதி வேறு. பிள்ளை மட்டும் இரண்டிலும் அம்மா மடியில்தான்.

தீர்வு பயணத்தைக் கைவிடுவதல்ல. கரையில் நின்று காத்திரு என்ற பழைய விதிக்கு நாம் ஏன் திரும்ப வேண்டும்? பயணம் கிளம்புமுன் வேலையை எண்ணிப் பங்கிடுவோம். காலையில் பிள்ளை யார் பொறுப்பு, இரவில் அழுதால் யார் எழுவது என்பது பயணச்சீட்டு வாங்கும் நாளிலேயே பேசப்பட வேண்டியது. அப்பா பிள்ளையைப் பார்த்துக்கொள்வதை ‘உதவி’ என்று அழைக்கும் வரை, விடுமுறை அவருடையதாகவே இருக்கும்.

மாணவிகளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. சைகோனிலிருந்து குழந்தைகளாகக் கப்பலில் வந்தவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டியிருக்கிறார்கள். உங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கலாம். கப்பலின் பெயரையும் அப்பாவின் பதவியையும் கேட்டபின் இதையும் கேளுங்கள்: அந்தக் கப்பலில் உங்கள் அம்மா எப்போது தூங்கினார்? அவர் சொல்லும் பதிலைத் தேதியிட்டு எழுதி வையுங்கள்.